ஹெர்னியில் செத்த பிரெஞ்சுக்காரன்

"அந்த நுனியை மிதிச்சுக்கோ புள்ள. நல்லா, எலி வாலை மிதிக்கிற மாதிரி."

லெவிவா குதிகாலால் மிதித்துக்கொண்டாள். அவள் புருஷன் ஓர்ம் மிலாற்றுக் குச்சியை இழுத்து வளைத்துப் பறியின் வாய்க்குள் செருகினான். விலாங்கு பிடிக்கிற பறி அது. உள்ளே போகிற மீனுக்குக் குச்சிகள் விலகி வழிவிடும். வெளியே வரப் பார்த்தால் கூடிக்கொள்ளும். வாயைச் சுற்றி எல்லாக் குச்சிகளும் வந்தாயிற்று, கடைசி ஒன்றுதான் மிச்சம். அதன் ஒரு முனையைச் செருகினான், மறுமுனையை வெளியே நீட்டியபடியே விட்டான், பறியைத் தூக்கி வாசல் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினான்.

"ஒரே ஒரு குச்சிதானே, முடிச்சிட்டுப் போனா என்ன?"

"வந்து முடிச்சுக்கறேன். அந்த வாலரன் தூக்கிட்டுப் போன மூணு பறியையும் கேட்டு வாங்கணும். வெயில் ஏறிட்டா சாப்பிட உக்காந்துடுவான். சாப்பிட்டவன்கிட்ட நியாயம் பேச முடியாது, ஏப்பந்தான் பதில் சொல்லும்." கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "காய விட்டுடாத. காஞ்சா ஒடைஞ்சிடும்."

கழியை எடுத்துக்கொண்டு தோணியடிக்குப் போனான். திரும்பிப் பார்த்தானா என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? ஏரிக்குப் போகிறவன் மதியம் வந்துவிடுவான்.

வாலரன் பண்ணை அதிகாரி. ஹெர்னி என்ற அந்த ஊரும் அதைச் சுற்றின சதுப்பும் நாணலும் எல்லாம் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்குச் சொந்தம். அந்தப் பிரபுவை ஊரில் ஒருவரும் கண்டதில்லை, கண்டதெல்லாம் வாலரனைத்தான். அந்த வருஷம் தவக்காலத்தில் அவன் ஏரியில் பாதியைக் கம்பு நட்டு வளைத்துப் போட்டான். ஓர்ம் பதினெட்டு வருஷமாகப் பறி போடுகிற இடம் கம்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மீனுக்கு அந்தச் சேதி தெரியவில்லை, அது பழைய இடத்திலேயே வந்தது. ஓர்மும் பழைய இடத்திலேயே போட்டான்.

செவ்வாய்க்கிழமை போனவன் வெள்ளிக்கிழமை கிடைத்தான். மணியக்காரர் தர்கில் வீட்டு வாத்துகள் இறங்குகிற துறையில், நாணலுக்குள் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது.

குளிப்பாட்டக் குன்னில்ட் கூட வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அடுப்பெரிக்கச் சதுப்பில் எரிமண் வெட்டுகிற கிரிமின் பெண்டாட்டி, ஊரில் அவள் வாயை மூடிப் பார்த்தவர்கள் கிடையாது. அன்றைக்கு மூடியிருந்தாள். ஓர்மைப் புரட்டிப் போட்டபோது முதுகுச் சட்டையில் வட்டமாகச் சேறு அப்பியிருந்தது. ஒன்றில்லை, நாலைந்து. கழியின் அடிமுனை பதிந்த அளவு.

"இது என்னடி குன்னில்ட்?"

குன்னில்ட் துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிரிம் பண்ணினதுடி. ஐயோ, அடிச்சது இல்ல! அடிச்சது அந்த வாலரன். இவரும் மணியக்காரரும் மண்ணு வெட்டற கரையில நின்னு பாத்திருக்காங்க. அவன் போனப்புறம் இவங்களுக்கு ஒதறல். ஹெர்னில பொணம் கெடந்தா ஹெர்னிதானே பதில் சொல்லணும்? அதான், ஏரிக்கு அந்தாண்ட தள்ளி விட்டுட்டா அது பக்கத்து வட்டம், அவங்க பாடுன்னு..." மூக்கைச் சிந்தினாள். "தள்ளி விட்டாங்க. மறுநா காலைல திரும்பி வந்து கெடக்காரு. மறுபடியும் தள்ளியிருக்காங்க. மறுபடியும் வந்துட்டாரு."

லெவிவாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் முதலில் வந்தது சிரிப்பு. சந்தைக்குப் போனாலும் சரி, திருவிழாவுக்குப் போனாலும் சரி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து நிற்கிற ஆள். கழியால் தள்ளினால் மட்டும் போய்விடுவானா? பிறகு அந்தச் சேற்று வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவக் கழுவ உள்ளே ஏதோ கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. அடித்தவன் அந்நியன். அவன் அடிப்பான். தள்ளினவன் ஓர்ம் பிடித்த மீனைத் தின்றவன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தர்கில் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கும் பண்ணைக்கும் நடுவில் மணியக்காரனாக இருக்கிற எவனுக்கும் முதுகு கொஞ்சம் கூனித்தான் போகும்.

"நாளைக்கு முள்மரத்து மேட்டுல வட்டச்சபை. ஷெரிஃபோட ஆள் வர்றாரு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடணும்மா."

என்ன வார்த்தை என்று அவள் கேட்கவில்லை. அந்த வார்த்தை தெரியாதவர்கள் நாட்டில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்து ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்த நாளில், ராத்திரியில் தனியாக அகப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் காலையில் பள்ளத்தில் கிடந்தார்கள். அதற்காகப் போட்ட சட்டம். ஒரு பிணம் விழுந்தால் அது பிரெஞ்சுக்காரன் பிணம் என்றே கொள்ளப்படும். ஏழு நாளுக்குள் கொன்றவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வட்டத்து ஏழு ஊரும் சேர்ந்து நாற்பத்தாறு மார்க் வெள்ளி கட்ட வேண்டும். தப்ப ஒரே வழிதான். செத்தவனின் இரத்த உறவு, அதுவும் இல்லாவிட்டால் பெண்டாட்டி, புனிதரின் எலும்பின்மேல் கைவைத்து, இவன் ஆங்கிலேயன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் ராஜாவுக்கு அந்தப் பிணத்தின்மேல் அக்கறை போய்விடும். அப்புறம் அது பிரபு பார்த்துத் தீர்க்கிற விவகாரம். பிரபு என்றால் வாலரன்.

"சொல்லலாம் அண்ணே," என்றாள். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

"நான் என்னம்மா சொல்ல?"

"எரிமண் கரையில நின்னு என்ன பாத்தீங்கன்னு."

தொப்பி உருளுவது நின்றது.

"எனக்கு மூணு புள்ளைங்க லெவிவா. வாலரன் மனசு வச்சா என் நெலத்தை நாளைக்கே வேற ஒருத்தனுக்கு மாத்தி விட்டுடுவான். ஓர்ம் போயிட்டான். நாம என்ன சொன்னாலும் எந்திரிச்சு வரப் போறதில்ல."

"ரெண்டு தடவை வந்தாரே அண்ணே. உங்க வாத்துத் துறைக்கே வந்தாரு."

தர்கில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாலரன்தான் கொன்றான் என்று அவளே சபையில் நின்று கூவியிருக்கலாம். நீ பார்த்தாயா என்பார்கள். இல்லை என்பாள். அத்தோடு முடிந்தது. பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். பார்த்தவர்களுக்கோ சொல்லாமல் இருப்பதில்தான் லாபம். அன்றைக்கு முழுவதும் அவள் அதையே யோசித்தாள். தொட்டிக்குப் போய்ப் பறி நனைந்திருக்கிறதா என்று பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த குச்சியின்மேல் கைத்தண்ணீரை விட்டாள்.

அவள் அப்பா அந்தச் சிற்றூர்க் கோவிலின் குரு. பிரெஞ்சுக்காரப் பேராயர்கள் வந்து குருமார்களுக்குப் பெண்டாட்டி ஆகாது என்று சொல்வதற்கு முன்னால் கல்யாணம் செய்தவர். ஆண்பிள்ளை இல்லாததால் பெண்ணுக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. எழுத்தை விடப் பெரிதாக அவர் விட்டுப்போனது ஒரு பிடிவாதம்: கண்ணால் காணாததை எலும்பின்மேல் கைவைத்துச் சொல்லாதே. கோழி திருட்டு வழக்கில் சொந்த மச்சானுக்காகக்கூட அவர் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை முள்மரத்து மேட்டில் நல்ல காற்று. ஏழு ஊர் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். ராஜாவுக்காக ஜில்லாவை ஆளுகிற ஷெரிஃபின் பிரதிநிதி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாதநோய், சதுப்புக் காற்று ஆகாது. பக்கத்தில் எழுத்தர், மடியில் தோல் சுருள். பிரதிநிதி பிரெஞ்சில் சொல்வதை ஊர்ப் பேச்சில் சொல்ல ஆஸ்மண்ட் என்ற துபாஷி. சற்றுத் தள்ளிக் குதிரையோடு வாலரன், பண்ணையின் சார்பில். ரொட்டி மென்றுகொண்டிருந்தான்.

வெள்ளிப்பேழையைத் திறந்தார்கள். உள்ளே புனிதரின் விரலெலும்பு, கோழிக்கால் அளவுதான் இருந்தது.

"கைய வைம்மா," என்றார் துபாஷி. "ஓர்ம் இங்கிலீஷ் தாய் தகப்பனுக்குப் பொறந்தவன்னு சத்தியம் பண்ணு. ஆச்சு, போயிடலாம்."

லெவிவா கையை மேல்துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் பாக்கலைங்க."

"என்னத்தைப் பாக்கல?"

"அவரு பொறந்ததை."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"என்னம்மா பேச்சு இது! யாரு பொறந்ததைத்தான் யாரு பாத்தா?"

"அப்போ யாரும் சத்தியம் பண்ணக் கூடாதுங்க. வடக்கே ஊரெல்லாம் எரிஞ்ச வருஷம், உப்பு வண்டியில நாலு வயசுப் புள்ளையா வந்து எறங்கினவரு. கொண்டாந்த உப்புக்காரன் செத்துப் போயிட்டான். அவரு அம்மா யாரு, அப்பன் யாரு, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. தெரியாததை இந்தப் புண்ணிய எலும்பு மேல நான் எப்படிச் சொல்லுவேன்?"

துபாஷி அதை மொழிபெயர்த்தார். பிரதிநிதி காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். வாலரன் மெல்லுவதை நிறுத்தினான்.

கூட்டம் கொதித்தது. "ஏய், உன் புருஷன் வாயத் தெறந்தா வடக்கத்தியான் பேச்சுதானேடி பேசுவான்!" "பைத்தியம் புடிச்சிடுச்சு, துக்கத்துல!" "நான் சத்தியம் பண்றேங்க, என்னைக் கேளுங்க!" என்று கூவினவர் தர்கில்தான். எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீ உறவா?" என்று கேட்டார் துபாஷி. தர்கில் கூட்டத்துக்குள் பின்வாங்கினார்.

பிரதிநிதி மூன்றே வார்த்தைகளில் முடித்தார். துபாஷிக்கு அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாயிற்று. "செத்தவன் பிரெஞ்சுக்காரன்னு ஆயிடுச்சு. அடுத்த திங்கக்கெழமை இதே எடத்துல கொன்னவனை நிறுத்துங்க. இல்ல, நாப்பத்தாறு மார்க்கை அடுக்கி வைங்க."

அந்த ஏழு நாளை லெவிவா மறந்ததில்லை. ஊர் மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டியது. செவ்வாய்க்கிழமை அடுப்பு அணைந்தது. ஓர்மின் சிக்கிமுக்கி அவன் இடுப்புப் பையோடு ஏரியில் போய்விட்டது. சட்டியை எடுத்துக்கொண்டு நெருப்புக் கேட்கக் குன்னில்ட் வாசலுக்குப் போனாள். கதவு பாதி திறந்தது.

"பிரெஞ்சுக்காரன் பொண்டாட்டிக்கு எங்க வீட்டு நெருப்பு எதுக்கு? கோட்டைக்குப் போ, மெழுகுவத்தியே குடுப்பாங்க."

கதவு சாத்திக்கொண்டது. பிறகு ஒரு விரலளவு திறந்தது. "ஒரே ஒரு மாடுடி எங்களுக்கு. அதையும் விக்கச் சொல்றாங்க," என்றது. மறுபடி சாத்திக்கொண்டது.

அவள் குளிர்ந்த ரொட்டியைத் தின்றாள், வெங்காயம் கடித்தாள், ஓர்ம் புகைபோட்டு வைத்திருந்த விலாங்கைக் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். கிணற்றடியில் பெண்கள் அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சுச் சீமாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி "மதாம், மதாம்" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின. ஒருவன் தலைவணங்கிக்கூடக் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லெவிவாவும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு வணங்கினாள். பயல் அரண்டு ஓடினான்.

பயமாக இல்லையா என்றால், இருந்தது. திங்கட்கிழமையும் யாரும் வாயைத் திறக்காமல் போனால்? ஏழு ஊர் மாடும் விற்றுப்போகும், வாலரன் ஏப்பம் விட்டுக்கொண்டு நிற்பான், அவள் அந்த ஊரில் ஒரு நாள் குடியிருக்க முடியாது. பறி நனைக்கப் போகும்போதெல்லாம் கணக்காக இந்தப் பயம் வந்துவிடும். கையைத் தண்ணீரில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை வாலரன் வந்தான். இறங்கவில்லை. குதிரை தானாகத் தொட்டியை நோக்கித் தலையை நீட்டிற்று.

"நீ சொல்லணும்," என்றான். முப்பது வருஷமாகியும் அவன் வாயில் இங்கிலீஷ் கல் கடித்தது. "அவன் இங்கிலீஷ். சொல்லு. நான் மூணு பறி தர்றேன். பத்துப் பறி. ஏரில எடம் தர்றேன்."

"அவரு இங்கிலீஷ்காரர்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவன் கத்தினான். இங்கிலீஷ்ல கத்தி—"

அங்கே நின்றுவிட்டது. காற்று நாணலைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. லெவிவா அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு இருந்தது.

"என்னன்னு கத்தினாரு?"

குதிரையின் மூக்கு பறிமேல் பட்டது. லெவிவா எழுந்து போய் அந்தப் பெரிய ஈர மூக்கை இரண்டு கையாலும் ஒதுக்கித் தள்ளினாள். "இது குடிக்கிற தண்ணி இல்ல," என்று குதிரையிடம் சொன்னாள். வாலரன் கடிவாளத்தைச் சுண்டித் திரும்பினான்.

சனிக்கிழமை தர்கில் தன் ஜோடி எருதுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்கப் போகிற மாட்டைத்தான் அப்படிக் கழுவுவார்கள். லெவிவா வேலிக்கு வெளியே நின்றாள். அவர் நிமிரவில்லை.

"நல்லா இருக்கியா? திருப்தியா?"

"எனக்கென்ன திருப்தி அண்ணே. வாலரனுக்குப் பயந்தா மாடு போகும். மாட்டுக்குப் பயந்தா வாலரன் போவான். எந்தப் பயம் பெரிசுன்னு நீங்கதான் பாக்கணும்."

"அவனைக் காட்டிக் குடுத்துட்டு நாளைக்கு இந்தப் பண்ணையில குடியிருக்க முடியுமா?"

"ஒருத்தர் சொன்னா முடியாது," என்றாள்.

தர்கில் எருதின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எருதும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஆண்கள் கோவிலுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். உள்ளே சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பெண்கள் வெளியே நின்றார்கள், லெவிவா அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி. வெளியே வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேட்டில் கூட்டம் இரண்டு மடங்கு. பெண்களும் வந்திருந்தார்கள். பிரதிநிதி காலுக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தார். வாலரன் குதிரையிலிருந்து இறங்கி ஆட்களோடு நின்றான்.

"கொன்னவன் எங்க?" என்றார் துபாஷி.

தர்கில் ஓரடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. வாலரன் மெல்லப் புன்னகை செய்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஆள் தடுமாறி, முன்னால் இருந்தவர்கள்மேல் மோதி, நடுவில் வந்து விழாத குறையாக நின்றான். கிரிம். அவன் தானாக வரவில்லை. அவன் நின்ற இடத்தில் இப்போது குன்னில்ட் நின்றாள், இரண்டு கையும் இன்னும் நீட்டியபடி.

"சொல்லுய்யா!" என்றாள். "பொணத்தைத் தள்ளத் தெரிஞ்சுதில்ல?"

கிரிம் தரையைப் பார்த்துச் சொன்னான். "நான் பாத்தேங்க. வாலரன் ஐயா ஓர்மோட பறியைக் கரையில போட்டு மிதிச்சாரு. ஓர்ம் தோணியிலேருந்து கத்தினான், 'மிதிக்காதீங்க, அதுல மீனு உசிரோட இருக்கு'ன்னு. கிட்ட வந்து குனிஞ்சு அதை எடுத்தான். ஐயா கழியைப் புடுங்கிப் பின்னால அடிச்சாரு. ரெண்டு அடி. ரெண்டாவதுக்கு அப்புறம் அவன் எந்திரிக்கல."

லெவிவா அந்த வார்த்தைகளை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அதுல மீனு உசிரோட இருக்கு. அவனைப் போலத்தான் இருந்தது. வேறு எப்படிக் கத்துவான்?

"நானும் பாத்தேன்." தர்கிலின் குரல் இப்போது வந்துவிட்டது, தேவைக்கு மேலேயே வந்தது, மேட்டுக்கு அந்தப்புறம் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்தன. "கிரிம் பக்கத்துல நின்னு பாத்தேன். பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன். அதுவும் எழுதிக்கங்க!"

"நானும் பாத்தேன்!" என்றது வலப்புறம் ஒரு குரல். "நானும்!" "நானுந்தான்!" ஹெர்னி ஆண்கள் ஒருவன் விடாமல் முன்னால் வந்தார்கள். அன்றைக்கு உப்புச் சந்தைக்குப் போயிருந்தவன் வந்தான். ஈஸ்டரிலிருந்து காய்ச்சலில் படுத்திருந்த ஊர்க் கொல்லன் வந்தான். இத்தனை பேரும் நின்றிருந்தால் எரிமண் கரை அன்றைக்கே ஏரிக்குள் இறங்கியிருக்கும். அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

பிரதிநிதி கையை உயர்த்தினார். பார்த்தவர்கள் மட்டும் எலும்பின்மேல் கைவைக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஓரடிதான், அதற்குமேல் இல்லை. கிரிம் கைவைத்தான். தர்கில் கைவைத்தார்.

வாலரன் முகம் செங்கல்லாகிவிட்டது. பிரெஞ்சிலும் உடைந்த ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினான். செத்தவன் இங்கிலீஷ்காரன்! சேற்றுக்காரன்! மீன் பிடிக்கிறவன்! ஊருக்கெல்லாம் தெரியும்! அவனுக்காக ராஜாவின் சட்டமா?

பிரதிநிதி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொலைகாரன் அகப்பட்டால் வட்டத்தின் அபராதம் போயிற்று, ஆனால் அவன் குதிரையும் வீடும் பெட்டியும் ராஜாவுக்கு வந்து சேரும். அந்த யோசனையாகவும் இருக்கலாம். கால் வலியாகவும் இருக்கலாம். நிதானமாக ஏதோ கேட்டார். துபாஷி ஆஸ்மண்ட் அதை மொழிபெயர்க்கும் முன் ஒரு தடவை எச்சிலை விழுங்கினார். சிரிப்பை விழுங்கினார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

"அவன் இங்கிலீஷ்காரன்னு சத்தியம் பண்ண உறவுக்காரங்களுக்குத்தான் உரிமை. பொண்டாட்டி பண்ணல. நீங்க பண்றீங்களா? பண்ணலாம். அந்த விலாங்குக்காரன் உங்களுக்கு அண்ணனா, தம்பியா?"

முள்மரத்து மேட்டில் அதுவரை அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. ஏழு ஊரும் சிரித்தது. முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. "சொல்லு மச்சான்!" என்று எங்கிருந்தோ ஒருவன் கூவினான். "பங்காளி, பறியில பாதி உனக்கு!" என்றான் இன்னொருவன். எழுத்தர்கூட எழுதுகோலைக் கடித்துக்கொண்டார். ஷெரிஃபின் ஆட்கள் இரண்டு பேர் வந்து வாலரனின் கையைப் பின்னால் மடக்கிக் கட்டியபோது அவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் குதிரையையே அவனுக்கு முன்னால் ஒருவன் பிடித்துக்கொண்டு போனான். வாலரன் நடந்து போனான், சதுப்புப் பாதையில், முழங்கால் வரை சேற்றில், கோட்டை வரைக்கும்.

கூட்டம் கலைவதற்குள் லெவிவா எழுத்தர் பக்கம் போனாள். மை இன்னும் காயவில்லை. தலைகீழாக இருந்தாலும் வாசிக்க முடிந்தது.

"என்னடி எழுதியிருக்கு?" குன்னில்ட் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

லெவிவா உரக்க வாசித்தாள். "ஓர்ம். பிரெஞ்சுக்காரன். ஹெர்னியில் கொல்லப்பட்டவன். கொன்றவன் வாலரன்."

"அடப்பாவி மனுஷா," என்றாள் குன்னில்ட் வானத்தைப் பார்த்து. "ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாம பிரெஞ்சுக்காரனாப் போய்ச் சேந்துட்டியே!" சொல்லிவிட்டு லெவிவாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கிரிம் பக்கத்தில் நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.

"நான் தள்ளினதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்," என்றாள் லெவிவா. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அது இன்னும் வந்திருக்கவில்லை. வராததை வந்துவிட்டதாக அவளால் சொல்ல முடியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் கெட்ட வார்த்தைப் பாட்டு, அறுவடைக்குப் பாடுவது. தர்கில் எருதுகளுக்கு விலைபேச வந்திருந்த தரகனைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு குடுவை பார்லிக் கள்ளாவது கொடு என்று அவன் கேட்டான். கொடுத்தார். பிரபு வேறொரு வாலரனை அனுப்புவான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் வரும்போது இந்த மேட்டைப் பற்றி யாராவது அவனுக்குச் சொல்வார்கள் என்பதும் தெரியும். ஏரியில் நட்டிருந்த கம்புகளில் பாதி அன்று சாயங்காலத்துக்குள் பல வீட்டு அடுப்புகளுக்குப் போய்விட்டன.

லெவிவா வீட்டுக் கதவைத் திறந்தபோது குன்னில்ட் பின்னாலேயே வந்தாள், கையில் மண்சட்டி, சட்டிக்குள் தணல். அடுப்படியில் குந்தி, எரிமண் கட்டியை உடைத்து அடுக்கி, தணலைக் கொட்டி ஊதினாள். புகை வந்தது. பிறகு சிவந்தது.

லெவிவா தொட்டிக்குப் போனாள். தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது. ஒரு குடம் ஊற்றினாள். பறி அமிழ்ந்து நின்றது. கடைசிக் குச்சியின் முனை, ஓர்ம் விட்ட இடத்திலேயே, ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

இன்னும் வளைந்தது.